வாளிச் சின்னத்து வேட்பாளர்

அந்தத் தொகுதிக்கு ஒரு குணம் உண்டு. உட்கார வைத்தவரை மறுபடி உட்கார விடாது. சட்டமன்றத்துக்கு ஒருவரை அனுப்பும், அவர் காலம் முடியும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கும், அடுத்த தேர்தலில் ஆளை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடும். மருந்துக்கடைக்காரர் போனார், வக்கீல் வந்தார். வக்கீல் பாதியிலேயே கட்சி தாவிப் பதவியை இழந்தார். இடைத்தேர்தலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தார். அவருக்குப் பிறகு மருந்துக்கடைக்காரரின் மருமகன், மருமகனுக்குப் பிறகு லாரி முதலாளி. சுவரில் பழைய பெயரை அழிக்கச் சுண்ணாம்பு வாங்கியே நம் ஊர் இளைத்துப்போச்சு என்று டீக்கடையில் அலுத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு சின்னம். ஆனால் தலைமையாசிரியரைத் தவிர அத்தனை பேருக்கும் வாய் ஒன்றுதான். அது மைக்குக்காரம்மாவின் வாய்.

கடைவீதி முனையில் ஒலிபெருக்கி வாடகைக் கடை வைத்திருந்தவரின் மனைவி அவள். கூரையிலிருந்து குழாய் ஒலிபெருக்கிகள் தலைகீழாகத் தொங்கும், ஆணிகளில் ஒயர் சுருள் சுருளாக மாட்டியிருக்கும், சூடேறிய பெட்டிகளின் தூசி வாசனை நாள் முழுக்க அடிக்கும். கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சமையலறை. அவ்வளவுதான் வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் மருந்துக்கடைக்காரரின் பிரசாரத்துக்கு வண்டி போக வேண்டிய நேரத்தில், பேச வந்த ஆள் ஐஸ் போட்ட சர்பத்தைக் குடித்துவிட்டுத் தொண்டை கட்டி நின்றான். வண்டி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. புருஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவள் அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இவ்வளவுதானே, இங்கே கொடுங்கள் என்று மைக்கை வாங்கினாள். வாங்கியதை அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை.

என்ன குரல் என்கிறீர்கள்! வெண்கலம். தெருமுனையில் திரும்பும்போதே மாடியில் துணி காயப்போடுகிறவள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். பெண்டாட்டி பேசினால் எந்தப் புருஷனும் கேட்பதில்லை, இவள் பேசினால் ஊரில் இருக்கிற அத்தனை புருஷன்களும் கேட்கிறார்களே என்று அவள் வீட்டுக்காரரைக் கிண்டல் செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே, நானும் மைக்கில் சொன்னால்தான் கேட்பேன் என்பார்.

தொழிலில் அவளுக்கு ஒரு கறார் இருந்தது. முதலில் வந்து கேட்டவருக்குத்தான் பேசுவாள். ஒருவருக்கு வாயைக் கொடுத்துவிட்டால், ஓட்டுப்பதிவு முடியும் வரை அடுத்தவரைப் பற்றி நல்லதாக ஒரு சொல் வீட்டில்கூடச் சொல்லமாட்டாள். தேர்தல் முடிந்த மறுநாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பாள். அத்தோடு பழைய சின்னம் தொண்டையை விட்டுப் போய்விட்டது என்று கணக்கு. தலைமையாசிரியர் நின்ற இடைத்தேர்தலின்போது மட்டும் பிரசவமாகிப் படுத்திருந்தாள். அவர் மைக்கு இல்லாமல் வீடு வீடாக நடந்தே ஜெயித்தார். நேர்மையான மனிதர். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தார், எழுந்தார், வந்தார்.

இப்போது ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தத் தொகுதியின் தலையெழுத்து அதில்தான் ஓடியது. இக்கரையில் சந்தை, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம். அக்கரையில் செங்கல் சூளை, காய்கறித் தோட்டம், கோழிப் பண்ணைகள், அவற்றை நம்பி நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள். நடுவில் ஒரு தரைப்பாலம். பாலம் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆற்றின் மேலேயே போட்ட சிமெண்டுத் தடம், அவ்வளவுதான். மழை வந்தால் தண்ணீர் அதன் மேல் ஏறி ஓடும். அப்போது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால் அடுத்த ஊர் வழியாகச் சுற்றி அரை நாள் பயணம்.

இக்கரை ஓட்டு எப்போதும் பாதிக்குப் பாதி பிரியும். எந்தப் பக்கம் சாய்வது என்பதை அக்கரை தீர்மானிக்கும். இது எல்லாக் கட்சிக்காரனுக்கும் தெரியும். தெரிந்தும், வறண்ட கோடையில் நடந்துபோன தலைமையாசிரியரைத் தவிர ஒருவரும் அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. உடைந்த தடத்தில் போனால் வண்டியின் அச்சு முறியும், நடந்தால் செருப்பு நனையும். அதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டது. பிரசாரத்தின் கடைசி நாள் சாயங்காலம் வண்டியை ஆற்றோரம் கொண்டுபோய் நிறுத்தி, குழாய்களை அக்கரைப் பக்கம் திருப்பி வைப்பார்கள். மைக்குக்காரம்மா வண்டிக்குள் இருந்தபடி தண்ணீருக்கு மேலே பேசுவாள். வண்டி ஜன்னல்களை வேட்பாளரின் படம் மூடியிருக்கும். வேட்பாளர் சில சமயம் உள்ளே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார், பல சமயம் இருக்கவே மாட்டார். அக்கரையில் ஜனங்கள் வேலை முடிந்து வந்து கரையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்த இடத்தில் அவள் தவறாமல் சொல்வது பாலம். உயரமான பாலம், பஸ் போகிற பாலம், எந்த வெள்ளத்துக்கும் மூழ்காத பாலம். மருந்துக்கடைக்காரருக்காகச் சொன்னபோது முழுசாக நம்பிச் சொன்னாள். வக்கீலுக்காகச் சொன்னபோது பாதி நம்பினாள். அப்புறம் அது ‘அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே’ மாதிரி ஒரு சொல்லாகிவிட்டது. நாக்குக்கு நரம்பா இருக்கிறது, சொல்ல வேண்டியதுதானே.

லாரி முதலாளி ஏணிச் சின்னத்தில் ஜெயித்துப் போன பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில், சந்தை நாளன்று, அக்கரையிலிருந்து முட்டைக்காரி ஒருத்தி கடைக்கு வந்தாள். இடுப்பில் காலிக் கூடை, கணுக்கால் வரை சேறு. மைக்கில் பேசுகிற அம்மா யார் என்று கேட்டாள். நான்தான் என்றாள் இவள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் முட்டைக்காரி, ஆமாம், அதே குரல்தான் என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

நடந்ததை நின்றபடியே சொன்னாள். போன வாரம் மகளுக்கு வலி கண்டது. தடத்தின் மேலே இடுப்பளவு தண்ணீர். வண்டி பிடித்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியில், வண்டியிலேயே குழந்தை பிறந்தது. மூச்சு இல்லை. மகள் பிழைத்துக்கொண்டாள், ஆனால் யாரோடும் பேசுவதில்லை. இதைச் சொல்லும்போது முட்டைக்காரி அழவில்லை.

"பாலம் வரும்னு சொன்னது நீதானே?" என்றாள்.

மைக்குக்காரம்மா தடுமாறினாள். வேட்பாளர் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன், நான் கூலிக்குப் பேசுகிறவள் என்று என்னவோ சொல்லப் பார்த்தாள்.

"அந்த ஆளை நான் பார்த்ததே இல்ல. அவர் குரல் எப்படி இருக்கும்னும் எனக்குத் தெரியாது. எனக்குச் சொன்னது நீ."

கூடையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தாலாவது திருப்பி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு மைக்குக்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்து யோசித்தாள். மருந்துக்கடைக்காரர், வக்கீல், மருமகன், லாரி முதலாளி என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். இவர்களில் ஒருவராவது பாலம் என்ற சொல்லைத் தன் வாயால் சொன்னாரா? ஒருத்தர்கூட இல்லை. பாவி, இத்தனை காலமும் சொன்னவள் இவள் ஒருத்திதான். அவமானமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

மறுநாளே லாரி முதலாளி வீட்டுக்குப் போனாள். வெளிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வெகு நேரம் கழித்து அவர் வந்தார், பிரியமாகத்தான் விசாரித்தார். அவள் பாலத்தைப் பற்றிக் கேட்டதும் உரக்கச் சிரித்துவிட்டார். "அதெல்லாம் மைக்குல சொல்றதும்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்த அன்று, லாரி முதலாளியின் ஆள் வழக்கம்போல முதல் ஆளாகக் கடைக்கு வந்து நின்றான். முடியாது என்றாள். எதிரணியில் புதிதாக நிற்கிற பல் டாக்டர் தன் உதவியாளரை அனுப்பினார். அவருக்கும் முடியாது. புருஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒலிபெருக்கிக் கடைக்குத் தேர்தல்தான் அறுவடை. அறுவடை நாளில் அரிவாளைத் தூக்கிப் பரணில் போடுகிறாளே என்று பதறினார். யாருக்குத்தான் பேசப்போகிறாய் என்று கேட்டார்.

"இந்தத் தடவை நானே நிக்கறேங்க. என் வாயை எனக்கே வாடகைக்கு விடறேன்."

அவர் விளையாட்டு என்று நினைத்தார். அவள் மனுத்தாக்கல் செய்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் நம்பினார். ஜெயிக்கிறதுக்கா நிற்கிறாய் என்று அவர் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. தொகுதியை ஜெயிக்க முடியாது, அந்தப் புத்தி எனக்கு இருக்கிறது. ஆனால் அக்கரை ஓட்டு எனக்கு வந்துவிட்டால், பாலம் இல்லாமல் இனி எவனும் அக்கரையை வாங்க முடியாது என்று ஆகிவிடும். அதுவரைக்கும் விடப்போவதில்லை. அதன்பிறகு அவர் வாதாடவில்லை. இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு எந்த இடத்தில் வாயை மூடுவது என்று தெரியாதா.

சுயேச்சைக்கு வாளிச் சின்னம் கொடுத்தார்கள். ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. ஓட்டை வாளி என்றார்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டு மொள்ள வருகிறாள் என்றார்கள். அவள் கடையிலிருந்த துருப்பிடித்த வாளியையே வண்டியின் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். புருஷன் ஓட்டினார்.

கஷ்டம் அவள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. வாய் கேட்கவில்லை. ஆயுசுக்கும் அடுத்தவருக்காக ஓட்டுக் கேட்ட வாய் அது. ‘நம் வேட்பாளர் அவர்கள், ஏழைப் பங்காளர், எளிமையின் வடிவம்’ என்று தானாக ஆரம்பித்துவிடும்; பாதியில் நிறுத்திவிட்டு, அது நான்தான் என்பாள். தெருவே சிரிக்கும். ‘எனக்கு ஓட்டுப் போடுங்கள்’ என்று சொல்லக் கூச்சம் பிடுங்கித் தின்றது. மெல்ல மெல்லப் பழக்கிக்கொண்டாள். தெருத்தெருவாகப் போனாள். ஜோடனை வார்த்தைகளை விட்டுவிட்டுப் பாலத்தை மட்டும் பேசினாள். இக்கரைக்காரர்கள் அனுதாபமாகக் கேட்டார்கள். நல்ல அம்மா, பாவம் என்றார்கள். அப்படிச் சொன்னால் ஓட்டு இல்லை என்று அர்த்தம், அது அவளுக்கும் தெரியும்.

கடைசி நாள் சாயங்காலம். வழக்கமான இடத்தில், ஆற்றோரம், குழாய்களை அக்கரைக்குத் திருப்பி வைத்தார்கள். மேற்கே எங்கோ மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் கத்தியதில் அவள் தொண்டை புண்ணாகியிருந்தது. அக்கரையில் கரை நெடுக ஜனம். புருஷன் வண்டிக்குப் பின்னால் ஜெனரேட்டர் அணைந்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். உயிரைக் கொடுத்துப் பேசினாள். பேசி முடித்தபோது குரல் காற்றாகிவிட்டது. பிரசார நேரமும் முடிந்தது. இனி ஓட்டுப்பதிவு வரைக்கும் எவரும் மைக்கைத் தொடக் கூடாது. திருப்தியாகப் படுத்தாள்.

காலையில் எழுந்தால் குரல் சுத்தமாக இல்லை. வெந்நீர் குடித்தும் பிரயோசனமில்லை. அந்த நேரத்தில் முட்டைக்காரி வந்து நின்றாள், முழங்காலுக்கு மேல் நனைந்து, மூச்சு வாங்க.

"எவ்வளவு வாங்கினே?" என்றாள்.

மைக்குக்காரம்மாவுக்குப் புரியவில்லை. முட்டைக்காரி கொட்டித் தீர்த்தாள். நேற்றுப் பாலத்தைப் பற்றி அழ அழப் பேசியதெல்லாம் சரி. முடிக்கும்போது, உங்கள் பொன்னான வாக்குகளை ஏணிச் சின்னத்துக்கு என்று சொன்னாளே, ஒரு தரம் இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னாளே! அக்கரை முழுக்க இதே பேச்சு. லாரி முதலாளி விலைக்கு வாங்கிவிட்டார் என்று பாதிப் பேர் காறித் துப்புகிறார்கள். மீதிப் பேர், அந்தம்மா எப்போதும் சொல்கிற மாதிரி ஏணிக்கே போட்டுவிடலாம் என்கிறார்கள்.

மைக்குக்காரம்மா புருஷனைப் பார்த்தாள். ஜெனரேட்டர் சத்தத்தில் தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றார் அவர். போன தேர்தலில் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே ஆற்றைப் பார்த்துக்கொண்டு அவள் கேட்டது ஏணிக்கு. களைத்துப்போன வாய் பழைய தடத்தில் தானாகப் போய்விட்டது. எத்தனையோ தேர்தலில் ஒரு சின்னத்தைக்கூட மாற்றிச் சொல்லாதவள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய இடம் பார்த்தீர்களா! அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் கோணியது.

முட்டைக்காரி அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கூடையைக் கீழே வைத்தாள்.

"உன் மூஞ்சியைப் பார்த்தா வாங்கினவ மாதிரி தெரியல. ஆனா அங்க உன் மூஞ்சியைப் பார்த்தவங்க யாரும் கிடையாது. எந்திரி, போகலாம்."

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, வேண்டாம் என்று புருஷன் மறித்தார். மைக்குக்காரம்மா சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒயர்க் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

அவள் அந்தத் தடத்தில் கால் வைத்தது அதுதான் முதல் முறை. வருஷக்கணக்காக இதன் மேலே பாலம் போட்டுக்கொண்டிருந்தவள், ஒரு நாளும் இதில் நடந்ததில்லை. சிமெண்டு பெயர்ந்த குழிகள் தண்ணீருக்கடியில் தெரியவில்லை. இழுப்பு காலை வாரியது. நடுவில் ஒரு குழியில் கால் போய் மார்பளவு நனைந்தாள். முட்டைக்காரி கையை விடவில்லை. ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த புருஷனை அதட்டினாள். கயிறு பிடித்துத்தான் அக்கரை போய்ச் சேர்ந்தார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி இதில் எப்படி நடப்பாள் என்று அவள் நினைத்தாள்.

முதல் வீடு சூளைக்காரன் வீடு. இவள்தான் மைக்குக்காரம்மா என்று முட்டைக்காரி சொன்னாள். அவன் மேலும் கீழும் பார்த்தான். நனைந்த கோழி மாதிரி ஒரு குள்ளப் பொம்பளை. பேசச் சொன்னான். அவள் வாயைத் திறந்தாள். காற்றும் கரகரப்பும் வந்தது. அந்தம்மா குரல் எங்கே, இந்தத் தவளைச் சத்தம் எங்கே என்று சிரித்தான். பல் டாக்டர் ஆள் பிடித்து அனுப்பியிருக்கிறார் என்று கதவைச் சாத்தப் போனான். இரண்டாவது வீட்டில் தையல்காரி இன்னும் ஒருபடி மேலே போனாள். மைக்குக்காரம்மா நல்ல உயரம், நல்ல நிறம் என்று அடித்துச் சொன்னாள். குரலைக் கேட்டே அளவெடுத்திருக்கிறாள்!

எதைச் சொல்லி நம்பவைப்பது? மைக்குக்காரம்மாவுக்கு வழி தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதோடு சரி, கால் அடுத்த வீட்டை நோக்கித்தான் போனது.

அங்கே முட்டைக்காரி தெருவிலேயே நின்றுவிட்டாள். நாலைந்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு மேடைப் பேச்செல்லாம் தெரியாது. முட்டை விற்கிற குரல்தான்.

"என் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். அன்னைக்கு இவளைத் திட்டினவ நான். இவளைப் பிடிச்சுக் கேட்டவளும் நான்தான். அதே நான் சொல்றேன், இவ நேத்து வாய் தவறிச் சொல்லிட்டா. ஆத்துல நனைஞ்சு அதைச் சொல்ல வந்திருக்கா. இவளுக்கு முன்னாடி எவனாவது நனைஞ்சானா? சின்னம் வாளி. ஏணி இல்ல. வாளி."

அந்தத் தெருவில் முட்டைக்காரி சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவள் பட்டது அப்படி. தையல்காரி உள்ளே போய் உலர்ந்த துண்டு ஒன்று கொண்டுவந்து மைக்குக்காரம்மாவின் தோளில் போட்டாள். பரவாயில்லை, நிறம் அவ்வளவு மோசமில்லை என்றாள். சிரிப்பு எழுந்தது. அதற்குப் பிறகு வீடு வீடாகப் போனார்கள். முட்டைக்காரி பேசுவாள், மைக்குக்காரம்மா பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். வேட்பாளர்கள் எல்லாம் ஏன் அப்படி அசட்டுத்தனமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள் என்று அவளுக்கு அன்றுதான் விளங்கியது. தனக்காக இன்னொருத்தி கேட்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. சில வீட்டில் திட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நீந்தியா போவது, நீ சொன்னாயே என்று கேட்டார்கள். நின்று வாங்கிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் சூளை முதல் கடைசித் தோட்டம் வரைக்கும் நடந்து முடித்தார்கள்.

மறுநாள் ஓட்டுப்பதிவு. வாக்கு எண்ணிய அன்று என்ன ஆயிற்று என்றால், அவள் தோற்றாள். சாதாரணமாக இல்லை, டெபாசிட் போய்விட்டது. இக்கரை அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் அக்கரைப் பெட்டிகளைத் திறந்தபோது எண்ணுகிறவர்கள் மறுபடி ஒரு தரம் எண்ணிப் பார்த்தார்கள். ஏணியும் பல் டாக்டரின் குடையும் அங்கே ஏதோ சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டன. மிச்சமெல்லாம் வாளி. அக்கரையை நம்பியிருந்த லாரி முதலாளி கவிழ்ந்தார். குடைச் சின்னத்துப் பல் டாக்டர் மயிரிழையில் ஜெயித்தார். அந்த மயிரிழையைப் போல எத்தனையோ மடங்கு வாளிக்கு விழுந்திருந்தது. இது புரியாமல் இருக்க டாக்டர் ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை.

அந்தத் தொகுதியில் ஜெயித்தவர் வண்டியில் ஏறி நன்றி சொல்லப் போவது வழக்கம். நன்றியையும் மைக்குக்காரம்மாதான் சொல்வாள், அவர் கையை ஆட்டுவார். தோற்றவர் கதவைச் சாத்திக்கொள்வார். டாக்டரின் உதவியாளர் கடைக்கு வந்து, பழசை மனதில் வைத்துக்கொள்ளாமல் நன்றி அறிவிப்புக்கு வரவேண்டும் என்று கேட்டார். அதற்குள் அவளுக்குக் குரல் வந்திருந்தது. நான் என் நன்றியைச் சொல்லப் போகிறேன், அக்கரைக்கு நடந்து போகிறேன், உங்கள் டாக்டருக்கும் சொல்ல இருந்தால் அங்கே வரட்டும் என்றாள். தோற்றவள் நன்றி சொல்வதா என்று உதவியாளர் வாயைப் பிளந்தார். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னார்.

அவள் தோளில் மாட்டுகிற சின்ன ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு தடத்தில் நடந்தாள். கணுக்கால் அளவுதான் தண்ணீர். முட்டைக்காரி வீட்டு முன்னால் ஜனம் கூடியிருந்தது. முட்டைக்காரியின் மகளும் வந்து கதவோரம் நின்றாள். மைக்குக்காரம்மா நன்றி சொன்னாள். பாலம் வருகிற வரைக்கும் ஒவ்வொரு தேர்தலிலும் நிற்பேன், டெபாசிட் போனால் போகட்டும் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் ஆற்றுப் பக்கம் திரும்பியது. பளபளக்கிற ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, டாக்டர் வந்துகொண்டிருந்தார். பின்னால் உதவியாளர், ஒரு காலை எடுத்து மறு காலை வைக்கப் பயந்துகொண்டு.

டாக்டர் வந்து சேர்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். அப்புறம் அவள் பக்கம் குனிந்தார்.

"நீங்களே என் சார்பா ரெண்டு வார்த்தை சொல்லிடுங்கம்மா. பாலத்தையும் சேர்த்துச் சொல்லிடுங்க."

"மாட்டேன் டாக்டர். அதை நீங்க சொல்லுங்க" என்று மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.

ஊராரை வாயைத் திற, இன்னும் பெரிதாகத் திற என்று சொல்கிறவருக்கு வாய் திறக்கவில்லை. ஆவன செய்யப்படும் என்று ஆரம்பித்தார். பரிசீலனை என்றார். மேலிடம் என்றார். எப்போது என்று முட்டைக்காரி கேட்டாள். டாக்டர் உதவியாளரைப் பார்த்தார், உதவியாளர் தண்ணீரைப் பார்த்தார். டாக்டர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினால் மைக்கும் அந்தப் பக்கம் வந்தது. இந்தப் பக்கம் திருப்பினால் இந்தப் பக்கம். மைக்குக்காரம்மாவின் கை விண்விண்ணென்று வலித்தது. அவள் இறக்கவில்லை. கூட்டத்தில் ஒருவரும் நகரவில்லை. கதவோரத்தில் நின்ற மகள் ஓரடி முன்னால் வந்தாள்.

டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார்.

"அடுத்த மழைக்கு முன்னாடி வேலை ஆரம்பிக்கும்," என்றார். "என் காலம் முடியறதுக்குள்ள பாலம் திறக்கும். திறக்கலேன்னா எனக்கு ஓட்டுப் போடாதீங்க."

அவர் குரல் மெல்லியது, கொஞ்சம் கீச்சென்று இருந்தது. அது எப்படி இருக்கும் என்று அக்கரை அன்றைக்குத்தான் கேட்டது. மைக்குக்காரம்மா மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றாள். "இப்ப சொன்னது நான் இல்ல. அவரு."

அப்புறம்தான் கையை இறக்கினாள்.